குரைப்பு நிறைந்த குதிர்கள்

1956ஆம் ஆண்டின் குளிர்காலம் தொடங்கி 1962 கோடைவரை இகில் உஸால் ஊரில் எந்த நாயும் குரைக்கவில்லை. நாய்கள் இருந்தன. தின்றன, குட்டி போட்டன, ஆட்டுக்குப் பின்னால் ஓடின. அவற்றின் குரைப்பு மட்டும் வீட்டுக்கு வீடு பார்லிக் குதிரில் போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் ஆலிவ் எண்ணெய் விலை இரண்டு மடங்கானது, உப்பு அரிதானது, சந்தைக்குப் போகப் பிரெஞ்சுப் பட்டாளத்தின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இதெல்லாம் அந்த மலையிலிருந்த எல்லா ஊர்களுக்கும் பொது. குரைப்பைக் குதிரில் போட்டது இகில் உஸால் மட்டும்தான். அதுவும் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான சுதந்திரப் போருக்கு உதவ வேண்டும் என்று ஊர் கூடி யோசித்துச் செய்ததல்ல. தெஹ்பியா என்ற பெண்ணுக்குத் தன் புருஷன் இரவில் வீட்டில் தங்குவது பிடிக்கவில்லை. அதனால் நடந்தது.

அந்தப் புருஷன் பெயர் அரஸ்கி. ஐம்பதை நெருங்கியவன், இடது கால் சற்றுக் குட்டை. இளவயதில் பிரான்சுக்குப் போய் ஓர் இரும்பு ஆலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதத்தில் ஓடி வந்தவன். இரவில் கண் விழிக்க முடியவில்லை என்பது அவன் சொன்ன காரணம். ஊர்ச் சபை அதைக் கேட்டுக்கொண்டு அவனுக்கு அத்தித் தோப்பின் இரவுக் காவலைக் கொடுத்தது, வேறு வேலை காலியாக இல்லை. சபை நாள் குறிக்கும் முன் யாரும் ஓர் அத்திப்பழத்தைக்கூடத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். தொட்டால் அபராதம். அரஸ்கி தோப்பில் போய்க் கம்பளி அங்கியைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கினான். காவல் காத்தது அவன் நாய்தான். மஞ்சள் நாய், ஒரு காது கிழிந்தது. ஈர மரத்தில் ரம்பம் இழுப்பது போன்ற கரகரத்த குரல். நரிக்கு ஒரு மாதிரி, திருடனுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி குரைக்கும். திருடனுக்கான குரைப்பு கேட்டால் மட்டும் அரஸ்கி எழுந்திருப்பான்.

நாயின் பெயர் காயித். பிரெஞ்சுக்காரர்கள் வரி வசூலிக்க உள்ளூரில் அமர்த்தியிருந்த அதிகாரிக்கும் அதுதான் பதவிப்பெயர். விஷயம் காதுக்கு எட்டி, மனிதக் காயித் ஒரு நாள் நேரில் வந்து விசாரித்தபோது அரஸ்கி பணிவாகச் சொன்னான்: "உங்க பேரை வெக்கலீங்க ஐயா. உத்தியோகத்தோட பேரைத்தான் வெச்சேன்." காயித் குதிரையேறிப் போன பிறகு மற்றவர்களிடம் மிச்சத்தைச் சொன்னான்: "ரெண்டு பேரும் வாசல்ல வந்து நிக்குறாங்க. ஏதாச்சும் போட்டாத்தான் நகர்றாங்க."

தெஹ்பியாவுக்கும் நாய்க்கும் ஆகாது. ஒருமுறை அது வெண்ணெய் கடையும் தோல்பைக்குள் தலையை விட்டு, தலையை எடுக்க முடியாமல், பையோடு ஊரைச் சுற்றி வந்தது. அன்றிலிருந்து அவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரஸ்கியிடம், "உன் அண்ணன் வந்துட்டாரு, தட்டு வை" என்பாள். நாயும் அவளைப் பார்த்தால் மட்டும் தனியாக ஒரு குரைப்பு குரைக்கும். நீளமாக, இழுத்து, கடைசியில் தும்மல்போல முடியும் ஒன்று. வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

போர் தொடங்கி இரண்டாம் ஆண்டில் மலையிலிருந்து உத்தரவு வந்தது. மலைப் பிள்ளைகள் என்று ஊரார் சொன்ன போராளிகள் இருட்டிய பிறகு இறங்கி வந்து வீட்டுக்கு இருவர், மூவர் என்று அவித்த ரவைக் கூஸ்கூஸ் தின்றுவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்தால் நாய்கள் குரைத்தன. எதிர் மேட்டிலிருந்த பட்டாள முகாம் அந்தக் குரைப்பு வந்த திசையில் விளக்கைத் திருப்பிச் சுட்டது. அப்படி இரண்டு பேர் செத்தார்கள். ஆகவே எல்லா ஊர்களிலும் நாய்களைக் கொன்றுவிட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். உத்தரவைக் கொண்டுவந்தவன் முலூத். பக்கத்து ஊர்க் கொல்லனிடம் தொழில் பழகிக்கொண்டிருந்து மலைக்குப் போனவன். முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது.

சபை கூடியது. தலைவர் ஸி தாஹர் உத்தரவைத் திரும்பச் சொன்னார்.

"எல்லா நாயுமா பெரியவரே?" என்றான் ஒருவன்.

"எல்லா நாயும்."

"ரெண்டு கால் காயிதும் இதுல சேர்த்தியா?"

முறை தவறிப் பேசியதற்காக ஸி தாஹர் அவனுக்கு அபராதம் விதித்தார். விதித்துவிட்டுச் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உத்தரவு நியாயமானது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் சங்கடம். அரஸ்கி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"உன் அண்ணனுக்கு ஓலை வந்துடுச்சாமே" என்றாள் தெஹ்பியா.

"வெள்ளிக்கிழமைக்குள்ள."

"நல்லதாப் போச்சு. என் வெண்ணெய் பொழைச்சது."

அவள் சட்டியைக் கிளறினாள். சற்று நேரம் கழித்து, "அப்ப தோப்புக்குக் காவல்?" என்றாள்.

"நாய் இல்லாம நான் அங்க போயி என்ன பண்ண? வீட்டுலயே படுத்துக்குறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே எப்பவும்தான்."

கிளறுவதை நிறுத்தினாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் குறட்டையைக் கோடையில் தோப்பும், குளிர்காலத்தில் ஆலிவ் செக்குக் கொட்டகையும்தான் கேட்டு வந்தன. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போயி அந்தச் சனியனைப் பிடிச்சிட்டு வா" என்றாள்.

அந்த ஊரில் குதிர்களைப் பெண்கள்தான் கட்டுவார்கள். களிமண், சாணம், வைக்கோல். வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக எழுப்புவது, ஆள் உயரத்துக்கு மேல் போகும், வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாது. வயிற்றில் ஒரு துளை, அதற்கு ஆலிவ் கட்டையில் ஓர் அடைப்பு. அந்த ஆண்டு ஆலங்கட்டி மழையில் பார்லி அடிபட்டுப் போனதால் தெஹ்பியா புதிதாகக் கட்டிய குதிர் காலியாக நின்றது. நாயை மேல்வாய் வழியாக உள்ளே இறக்கினார்கள். பலகையை வைத்து ஈரக் களிமண்ணால் பூசினாள். மூச்சு போக வயிற்றுத் துளையில் ஒரு நாணல் தண்டைச் செருகினாள். நாய் இரண்டு நாள் இடைவிடாமல் குரைத்தது. வெளியில் அது எங்கோ தூரத்தில் யாரோ மாவு இடிப்பதுபோலத்தான் கேட்டது. வெள்ளிக்கிழமை சபையின் ஆட்கள் இருவர் வீடு வீடாகச் சரிபார்த்து வந்தபோது தெஹ்பியா வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைப் பார்த்து அவர்கள் எதுவும் கேட்காமல் நகர்ந்துவிட்டார்கள். அதில் பாதி உண்மை அழுகை என்று அரஸ்கி கடைசிவரை நம்பினான். வெங்காயம் என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை பலகையைப் பெயர்த்து நாயைத் தூக்கினார்கள். உடம்பை உதறிவிட்டு, தெஹ்பியாவைப் பார்த்து, வழக்கமான நீளக் குரைப்புக்கு வாயைத் திறந்தது. தாடை அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. பிறகு எதையோ வைத்துவிட்டு வந்ததுபோலத் திரும்பிக் குதிரின் பக்கம் பார்த்தது. தொண்டை கட்டிவிட்டது என்று அரஸ்கி பாலைச் சூடாக்கிக் கொடுத்தான். தெஹ்பியா, நாய் உள்ளே அசிங்கம் பண்ணியிருக்குமோ என்று நாணலை உருவினாள். துளையிலிருந்து ஒரு குரைப்பு வெளியே வந்தது. எதிர்ச்சுவரில் மோதி, செப்புப் பானையைத் தள்ளிவிட்டு, சாளரம் வழியாகப் போய் ஆலிவ் மரங்களுக்கு மேலே கரைந்தது. அடுத்ததை அவள் கட்டைவிரலால் அடைத்துவிட்டாள். ஒரு வாரம்வரை அந்த விரல் கூசிக்கொண்டிருந்தது.

போன குரைப்பு ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. ஸி தாஹர் இரண்டு பேரோடு வந்தார். முதலில் பொய் சொன்னதற்கு அரஸ்கிக்கு அபராதம் போட்டார். அதன் பிறகுதான் குதிரருகே போய், அடைப்பைச் சற்றே தளர்த்தி, காதை வைத்துக் கேட்டார். நாயின் வாயைத் துளையருகே கொண்டுபோனபோது ஒரு குரைப்பு தானாக அதன் வாய்க்குள் நுழைந்து, நாய் ஒருமுறை குரைத்து, பழையபடி ஊமையானது. தூரத்தில் விட்டால் காற்றோடு போகிறது, பக்கத்தில் விட்டால் சொந்தக்காரனுக்குத் திரும்புகிறது. அவ்வளவும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"இது கெட்டுப்போகுமா?" என்று கேட்டார்.

"பார்லியே மூணு வருஷம் கெடாம கிடக்கு. இதுல பூச்சி விழவா போகுது?" என்றாள் தெஹ்பியா.

அரஸ்கியைப் போலவே பெரும்பாலான வீடுகள் நாயைப் பரணிலும் பள்ளத்திலும் ஒளித்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. மறுநாள் சபை தீர்மானித்தது. ஒவ்வொரு வீடும் தன் நாயைக் குதிரில் இறக்கி இரண்டு நாள் குரைக்கவிட வேண்டும். மிச்சமிருந்த பார்லியைச் சில வீடுகளின் குதிர்களில் ஒன்றாகக் கொட்டிவிட வேண்டும். குதிரில் இருப்பதை அளப்பதும் எண்ணுவதும் அந்த ஊரில் கிடையாது. அளந்தால் வற்றிவிடும் என்பார்கள். ஆகவே யாருடையது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை, தேவைப்பட்டவர்கள் தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். ஆலங்கட்டி அடித்த அந்த ஆண்டில் ஒரு வீடுகூடப் பட்டினி கிடக்காததை இகில் உஸால்காரர்கள் பெரிய அதிசயமாகப் பேசினார்கள். குரைப்பு விஷயத்தை அவர்கள் அப்படிப் பேசவில்லை. சில வீடுகளில் உத்தரவுக்குப் பணிந்து நாயை ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். அவர்கள் அரஸ்கியை நெடுநாள் திட்டினார்கள், ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருக்கலாமே என்று.

குரைப்பு ஒரு மாதத்தில் எண்ணெய்க் கசடுபோல அடியில் படிந்து அமைதியானது. குதிர் வைத்த அறை வெதுவெதுப்பாக இருந்ததால் விறகுச் செலவு குறைந்தது. பூனைகள் அந்த அறைக்குப் போவதை நிறுத்தின. மழை நாட்களில் எந்தக் குதிரும் சற்று முனகும், அப்போது வீட்டுக்காரி போய் இரண்டு தட்டு தட்டுவாள். அந்த ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் குரைப்பு என்று ஒன்று உண்டென்றே அறியாமல் வளர்ந்தன. மலைப் பிள்ளைகள் இருட்டில் இறங்கி வந்தார்கள், தின்றார்கள், பின்கட்டில் கட்டிப் போட்ட நாய்களைப் பார்க்காமலே போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் முலூத் கழுதையில் ஊசியும் உப்பும் விற்பவனாக வேஷம் போட்டுப் பட்டப்பகலில் வந்தான். வாசலுக்கு வாசல் நாய் படுத்திருப்பதைக் கண்டு முகம் சிவந்துவிட்டது. நேரே சபைக்குப் போனான்.

"மத்த ஊர்ல எல்லாம் வயித்தெரிச்சலோட கொன்னு புதைச்சாங்க. நானும் என் நாயைக் கொன்னேன். இங்க மட்டும் வாலாட்டிக்கிட்டு நிக்குது. யாருக்கு வாலாட்டுது?"

"உனக்குத்தான் தம்பி" என்றான் அரஸ்கி. "ஆனா குரைக்காது. நம்பலைன்னா வாலை மிதிச்சுப் பாரு."

முலூத் நாயின் வாலை மிதித்தான். காயித் எழுந்து, பல் முழுக்கத் தெரிய வாயைத் திறந்து, துளிச் சத்தமில்லாமல் அவன் கெண்டைக்காலைக் கடித்தது.

"கடிக்கும்னு சொல்லலையே அண்ணே."

"குரைக்காதுன்னுதானே தம்பி சொன்னேன்."

தெஹ்பியா காயத்துக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டாள். அவன் குதிரில் காதை வைத்து நெடுநேரம் கேட்டான். பிறகு கழுதையை ஓட்டிக்கொண்டு போய், மேலே என்ன சொன்னானோ, உத்தரவு திரும்ப வரவில்லை.

முகாமிலிருந்த லெப்டினன்ட் வேறொரு கணக்குப் போட்டார். நாய் இல்லாத ஊர் போராளிகளின் ஊர் என்பது பட்டாளம் கண்டறிந்த உண்மை. இகில் உஸாலில் நாய்கள் கொழுத்துக் கிடந்தன, இரவில் குரைப்பதும் இல்லை. ஆகவே இந்த ஊருக்குள் எவனும் நுழைவதில்லை, இது பிரான்சுக்கு விசுவாசமான ஊர். அவர் சோதனைகளைக் குறைத்தார். மாவும் பால் பொடியும் அனுப்பினார். அதில் பாதி மலைக்குப் போனது. மனிதக் காயித் இதெல்லாம் தன் முயற்சி என்று சொல்லி ஒரு பதக்கம் வாங்கிக்கொண்டார். பதக்கம் குத்திய அங்கியோடு ஊருக்கு வந்து தன் பெயர்கொண்ட நாயைத் தட்டிக்கொடுத்தார். அது அவரைக் கடிக்கவில்லை. தெஹ்பியா அதை நெடுநாள் சொல்லிக்காட்டினாள்.

1959ஆம் ஆண்டின் ஆலிவ் பறிப்புக் காலத்தில் ஒரு நாள் காலை, ஊருக்குக் கீழே ஓடைப் பள்ளத்திலிருந்த செக்குக் கொட்டகையில் முலூத்தும் பத்துப் பதினைந்து பேரும் மாட்டிக்கொண்டார்கள். நான்கு பேருக்குக் காயம், வேகமாக நடக்க முடியாது. பள்ளத்தின் இரண்டு முனைகளிலும் லாரிகள் வந்து நின்றன. நீர் எடுக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். குடத்தோடு திரும்பும் வழியில் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே வந்தார்கள். வேறெங்காவது கூச்சல் கிளம்பினால் பட்டாளத்தைத் திருப்பலாம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஆனால் குதிர்கள் சபையின் தீர்மானத்தில் மூடப்பட்டவை. திறக்கவும் சபை கூட வேண்டும், ஆண்களில் பாதிப் பேர் ஆலிவ் மரங்களில் இருந்தார்கள். ஸி தாஹர் ஆள் அனுப்பிவிட்டுச் சபைக் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சபை கூடி முடியுறதுக்குள்ள பசங்க கதை முடிஞ்சிரும்" என்றாள் தெஹ்பியா.

"ஊர்க் குதிர்ல எப்படிக் கை வைக்கிறது?"

"ஊர் குதிர் எதுக்கு? நம்ம குதிர் சபைக்கு முன்னாடியே மூடுனது."

அரஸ்கி நாயைப் பார்த்தான். அது வாசலில் படுத்து ஈயைக் கவ்விக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் முதல் வேலையாக அதன் குரைப்பைத் திருப்பிக் கொடுப்பதென்று மூன்று வருஷமாக அதனிடம் சொல்லி வந்திருந்தான்.

"பின் மலையில விட்டா இதுக்குத் திரும்பாது" என்றான்.

"திரும்பாது."

"ஊமையாவே செத்துப்போகும்."

"கொட்டகையில இருக்குறவனுங்க இன்னைக்கே செத்துப்போவானுங்க. தோல்பையை எடு."

நாயைப் பின்கட்டில் கட்டிப் போட்டாள். தண்ணீர் சுமக்கும் ஆட்டுத் தோல்பையின் வாயைக் குதிரின் துளையில் பொருத்தி அடைப்பை உருவினாள். பை உப்பியது, துள்ளியது, அவன் முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவள் சட்டென்று அடைப்பைத் திருகி மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான்.

"இருக்கட்டும். குதிரோட அடியை வழிச்சு எடுக்குற பழக்கம் என் வீட்டுல இல்ல."

அந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு பஞ்சமானாலும் குதிரின் அடியில் ஒரு பிடியை விட்டுவைப்பார்கள். அவள் பழக்கதோஷத்தில் செய்தாள். அவனுக்கும் விவாதிக்க நேரமில்லை. பையை முதுகில் போட்டுக்கொண்டு, குட்டைக் காலை இழுத்துக்கொண்டு, ஆட்டுப் பாதையில் ஏறினான். ஊருக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் இடையர் குடிசைகள் இருந்தன, குளிர்காலத்தில் யாரும் இல்லாதவை. முதல் குடிசையின் பின்னால் உட்கார்ந்து பையை அக்குளில் இடுக்கி அழுத்தினான். ரம்பக் குரல் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. கீழே லெப்டினன்ட் தலையைத் திருப்பினார். நாய் குரைக்காத ஊரில் குரைப்பு கேட்டால் அங்கே அந்நியன் நடக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய மூன்று வருஷக் கணக்கு அது. லாரிகள் திரும்பின. வானத்தில் ஒரு ஹெலிகாப்டரும் வந்து சேர்ந்தது. அரஸ்கி குடிசைக்குக் குடிசை, பாறைக்குப் பாறை தாவித் தாவி, பகல் முழுக்க அவர்களை இழுத்துக்கொண்டு போனான். பையிலிருந்து வந்த ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இது நரிக்கு. இது மழைக்கு. இது ஸி தாஹரின் மருமகன் அத்திப்பழம் திருட வந்த அன்றைக்கு. இது நான் சந்தையிலிருந்து திரும்பினால். அவற்றை அவன் நிதானமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செலவழித்தான். பொழுது சாயும்போது பை தட்டையானது. அப்போது செக்குக் கொட்டகையில் யாரும் இல்லை. சபை கூடி முடிந்து, காயம்பட்ட நான்கு பேரையும் ஆலிவ் கூடைகளில் போட்டு ஊர்க் கழுதைகளில் ஏற்றி அனுப்பியிருந்தது.

திரும்பும் வழியில் அரஸ்கி பிடிபட்டான். முகாமில் பதினைந்து நாள் வைத்திருந்து, நாய்கள் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு பல் போனது. தனக்கு ஒரே நாய், அதுவும் ஊமை என்பதைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மை. நாயைக் கொண்டுவந்தார்கள். வாலை முறுக்கினார்கள், காதருகே துப்பாக்கியை வெடித்தார்கள். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. மனிதக் காயித் வந்து, தன் பெயர்கொண்ட அந்த நாய் ஊமைதான் என்று சாட்சி சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பயனுள்ள வார்த்தை அது என்று ஊரில் ஒத்துக்கொண்டார்கள். அரஸ்கி வீட்டுக்கு வந்த அன்று தெஹ்பியா அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "இனிமே குறட்டை விசிலாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. அன்று வீட்டில் வெங்காயம் இல்லை.

1962 ஜூலையில் சுதந்திரம் வந்தது. மனிதக் காயித் முந்தின மாதமே கடல் தாண்டிப் போயிருந்தார். ஒரு காயித் போனது, ஒரு காயித் மிச்சம் என்று ஊரில் சொன்னார்கள். சபை நாள் குறித்தது, அத்திப்பழத்துக்குக் குறிப்பதுபோலவே. அன்று காலை எல்லா வீட்டிலும் நாய்களைக் குதிரின் முன் நிறுத்தி அடைப்பை உருவினார்கள். ஆறு வருஷக் குரைப்பு ஒரே காலையில் வெளியே வந்தது. செத்துப்போன நாய்களின் குரைப்பு அவற்றின் குட்டிகளுக்குப் போனது. வாழ்க்கையில் முதல்முறை குரைத்த அந்தக் குட்டிகள் தங்கள் சத்தத்துக்குத் தாங்களே பயந்து கட்டிலடியில் ஒளிந்தன. நாயைக் கொன்றிருந்த வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் போய் நின்று கேட்டார்கள். முலூத் மலையிலிருந்து இறங்கி வந்தான், தாடியும் ஒரு நொண்டலுமாக. அந்த நொண்டல் குண்டு பட்டதா நாய் கடித்ததா என்று அரஸ்கி எல்லார் முன்னாலும் கேட்டான். நடனம், துப்பாக்கி வெடி, பெண்களின் குலவை எல்லாவற்றையும் மீறி நாய்ச் சத்தம் மறுநாள்வரை ஓயவில்லை. அதற்கு மட்டும் சபை அபராதம் விதிக்கவில்லை.

காயித் அரஸ்கியின் காலடியில் உட்கார்ந்து மற்ற நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாய் குரைக்கும்போதும் அதுவும் வாயைத் திறந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஸி தாஹர் சபையைக் கூட்டினார்.

"இந்த ஊர்ல மாடு அறுத்தா எப்படிப் பங்கு போடுறோம்?" என்றார்.

"வீட்டுக்கு வீடு சமமா, பெரியவரே. இருக்கறவன் இல்லாதவன்னு பார்க்காம."

"குரைப்புக்கு மட்டும் வேற சட்டமா?"

"என் நாய் குரலு கொஞ்சம் கீச்சுக் குரலு, பரவாயில்லையா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"மாட்டுல குடலும்தான் பங்குக்கு வருது. கொண்டாடா" என்றார் ஸி தாஹர்.

அப்படித்தான் பங்கு வந்தது. வீட்டுக்கு ஒரு பிடி, எண்ணாமல், அளக்காமல். பெண்கள் தங்கள் நாயின் வாயருகே சுரைக்குடுக்கையைப் பிடித்து ஒரு பிடி குரைப்பை வாங்கி, உள்ளங்கையால் மூடிக்கொண்டு அரஸ்கியின் வீட்டுக்கு வந்தார்கள். தச்சனின் வேட்டை நாயுடையது, ஆட்டுக்காரனின் கிழ நாயுடையது, கட்டிலடியில் ஒளிந்த குட்டியுடையது, எல்லாம் வந்தன. காயித் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து விழுங்கியது. எல்லாரும் போன பிறகு தெஹ்பியா தன் குதிரின் அடைப்பை உருவினாள். அடியில் விட்டுவைத்த அந்தக் கொஞ்சம் வெளியே வந்தது. நாய் அதை முகர்ந்து பார்க்கவில்லை.

அந்த ஆண்டு அத்தித் தோப்பில் ஒரு பழம்கூடத் திருடு போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று கேட்டவனுக்கு உள்ளே ஊர் நாய்கள் அத்தனையும் இருப்பதுபோலக் கேட்டது. கட்டைக் குரல், கீச்சுக் குரல், கிழக் குரல், எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து மாறி மாறி வந்தன. புதிய அரசாங்கம் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட ஒருவரை அனுப்பியபோது அவர் சாலையில் நின்று கேட்டுவிட்டு ஒரு பெட்டி மருந்தோடு தோப்புக்கு வந்தார். அரஸ்கி ஒரு நாயைக் காட்டினான். மற்றதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவர் சத்தம் போட்டார். நாய் அவரைப் பார்த்து ஐந்தாறு குரலில் குரைத்தது. அவர் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அடுத்த வருஷம் அந்தத் தோப்புக்கு அவர் ஒரே ஓர் ஊசியோடுதான் வந்தார்.

அரஸ்கி பழையபடி தோப்பில் தூங்கினான். ஊரான் குரலுக்கெல்லாம் அவன் எழுந்திருப்பதில்லை, திருடர்களே வராதபோது எழ வேண்டிய தேவையும் இல்லை. தன் சொந்தக் குரலை நாய் சிக்கனமாக வைத்திருந்தது. நரிக்கு அதை எடுக்கவில்லை, மழைக்கு எடுக்கவில்லை. தெஹ்பியா காலையில் ரொட்டித் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு வேலியருகே வரும்போது மட்டும், ஈர மரத்தில் ரம்பம் இழுப்பதுபோல ஒன்று, நீளமாக, இழுத்து, கடைசியில் தும்மலாக முடியும். அது கேட்டால் அரஸ்கி எழுந்து உட்காருவான்.

"ஊருக்கெல்லாம் ஓசி வாங்குன குரலு, எனக்கு மட்டும் சொந்தக் குரலாடா நாயே" என்பாள் தெஹ்பியா. துணியை அவிழ்த்து ரொட்டியை இரண்டாகப் பிய்ப்பாள். பெரிய பாதி நாய்க்குத்தான் போனது என்று அரஸ்கி தன் கடைசிக் காலம்வரை சபையில் புகார் சொல்லி வந்தான். சபை அதை விசாரணைக்கு எடுக்கவில்லை.